ஊர்க்காவலனின் வலது கண்

ஊர்க்காவலன் உட்கார்ந்து சோறு தின்று யாரும் பார்த்ததில்லை. வட்டிலைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே தின்பான். அவன் கல்யாணத்தன்று தாலியைக் கட்டிவிட்டு நேரே பந்தி பரிமாறப் போய்விட்டான் என்று சொந்தக்காரர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் கேட்ட ஒருத்தர்கூட, "சேச்சே, அவனா, இருக்காது" என்று சொன்னதில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டே பிறந்த மனுசன் என்று அவன் பெண்டாட்டி குருவம்மாள் சொல்வாள்.

இப்படிப்பட்டவனையும் அசையாமல் நிற்கவைக்கிற இடம் ஒன்று இருந்தது. சிவகாசியில் சங்கரலிங்கம் அண்ணாச்சியின் அச்சாபீஸில் அவன் மெஷின்மேன். காலண்டர் படத்தின் முதல் ஷீட் மெஷினிலிருந்து வந்து விழுந்ததும், அதை மேஜை விளக்குக்குக் கீழே விரிப்பான். சின்ன லென்ஸ் ஒன்றை அதன் மேல் வைத்து, இடது கண்ணை இடுக்கிக்கொண்டு வலது கண்ணால் குனிந்து பார்ப்பான். நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு கலரும் ஒன்றின் மேல் ஒன்று பிசகாமல் உட்கார வேண்டும். ஒரு நூல் விலகினாலும் முருகனுக்கு ரெண்டு உதடு, மகாலட்சுமிக்கு மூணு புருவம் என்று சாமிகள் எல்லாம் பேயறைந்த மாதிரி ஆகிவிடுவார்கள். ஊர்க்காவலன் பார்த்து முடித்து, ஷீட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சுழி போட்டால்தான் மெஷின் ஓடும். இருபத்துநாலு வருஷமாக அப்படித்தான். "ஊர்க்காவலன் பார்த்துட்டானா? அப்ப ஓட்டுங்கலே" என்பார் அண்ணாச்சி. அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்.

அந்த வலது கண்ணில்தான் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் தண்ணீர் வடிய ஆரம்பித்தது.

முதலில் யாரும் அதை ஒரு சீக்காக மதிக்கவில்லை. பட்டாசும் மையும் சுண்ணாம்புத் தூசியுமாக இருக்கிற சீமையில் கண் வடியாத ஆள் யார்? வீட்டுக்குள் மட்டும் அது தீராத சண்டை ஆனது. குருவம்மாள் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறவள். சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போது நகக்கண்ணெல்லாம் அலுமினியப் பவுடர் மினுங்கும்.

"நீ கொண்டாற பவுடருதான் என் கண்ணைக் கெடுக்குது" என்பான் ஊர்க்காவலன்.

"நாள் பூரா அதை மூஞ்சியில அப்பிக்கிட்டு இருக்கவ நானு. எனக்கு வடியலை, உங்களுக்கு வடியுதாக்கும்? எல்லாம் உங்க மெஷின் மை நாத்தம்."

"இருபது வருசத்துக்கு மேல நாறாத மை இப்பத்தான் நாறுதோ?"

இந்தப் பேச்சு ஒரு வருஷம் ஓடியது. ரெண்டு பேரும் சளைக்கவில்லை. நடுவில் மருந்துக்கடைச் சொட்டு மருந்து நாலைந்து சீசா காலியானது. கடைசியில் சிவகாசியிலேயே ஒரு கண் டாக்டரிடம் போனான். அவர் கண் ஓரத்துத் துவாரத்தில் தண்ணீர் விட்டுப் பார்த்து, கண்ணீர் மூக்குக்குப் போகிற வழி அடைத்திருக்கிறது என்றார். மூக்கை ஒட்டி, கண் மூலையில் விரலை வைத்துக் காலையில் பத்துத் தடவை, மாலையில் பத்துத் தடவை அழுத்தச் சொன்னார். "மூணு மாசத்துல சரியாகலைன்னா கட்டாயம் வரணும், வேற பார்க்கணும்" என்றார். டாக்டர் சரியாகத்தான் சொன்னார். நம்ம ஆள்தான் பாதிக் காதில் கேட்டான்.

சும்மா இருக்கமுடியாத கைக்கு டாக்டரே ஒரு வேலை கொடுத்துவிட்டார் அல்லவா? பத்துத் தடவை நூறு ஆனது. டீ குடிக்கும்போது அழுத்தினான், பஸ்ஸில் நிற்கும்போது அழுத்தினான். பேசிக்கொண்டே அழுத்தினான். அழுத்தினால் கொஞ்சம் தண்ணீர் வெளியே வரும், லென்ஸில் படம் தெளியும். அப்புறம் மறுபடி கலங்கும். மூணு மாதம் ஆறானது, ஆறு எட்டானது. மூக்கோரத்தில் பாசிப்பயறு அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டது. அது மொச்சை அளவுக்கு வந்தபிறகும், "சீசன் முடியட்டும்" என்றான். சிவகாசியில் எந்தக் காலத்தில் எந்த சீசன் முடிந்திருக்கிறது?

அப்புறம்தான் துண்டில் சிவப்பு வந்தது.

அச்சாபீஸ்காரன் துண்டில் சிவப்பைப் பார்த்து எவன் பயப்படுவான்? மெஜந்தா மை என்று நினைத்தான். மை பட்ட விரலால் கண்ணைத் தொடுகிறோம், மை ஒட்டுகிறது, துடைக்கிறோம், துண்டில் வருகிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிற்பாடு சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் கண்ணை அழுத்தினான். அப்போதும் சிவப்பு வந்தது. "மெஜந்தா லேசுல போகாது" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். இப்படியே நாலு மாதம். கலரைப் பார்த்துச் சோறு தின்கிறவன், தன் ரத்தத்தைப் பார்த்து மை என்று நாலு மாதம் நம்பினான். வேறு எந்த ஊர்க்காரனாவது இப்படி ஏமாறுவானா?

கண்டுபிடித்தது குருவம்மாள். மைக்கறை தண்ணீருக்குப் போகாது. முதலில் மண்ணெண்ணெயைத் தொட்டுத் தேய்க்க வேண்டும், அப்புறம்தான் சோப்பு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அப்படித்தான் அவன் துணிகளைத் துவைக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதோ அவசரத்தில் மண்ணெண்ணெய் போடாமலே துண்டை வாளித் தண்ணீரில் முக்கிவிட்டாள். "ஐயய்யோ" என்று வெளியே எடுத்தால் துண்டில் சிவப்பு பாதி இல்லை. தண்ணீர் சிவந்திருந்தது.

ஊர்க்காவலன் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் அவன் முன்னால் வைத்தாள்.

"நேத்து மெஷின்ல என்ன ஓட்டுனீக?"

"பில் புக்கு."

"என்ன கலரு?"

"ஒத்தைக் கலருதான். கறுப்பு. எதுக்குக் கேக்குறே?"

"அதுக்கு முந்தின நாளு?"

"அதுவும் பில் புக்குதான். மூணு நாளா கறுப்புதான் ஓடுது."

"அப்ப இந்தச் சேப்பு எங்கன இருந்து வந்துச்சு?"

அவன் வாளிக்குள் பார்த்தான். பார்த்த உடனே அவனுக்குத் தெரிந்துவிட்டது. மெஜந்தா இப்படி இருக்காது. மறுபடி சைக்கிளைத் துடைத்தான். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான். "நாளைக்கு மதுரைக்குப் போறோம்" என்றாள் குருவம்மாள். வழக்கமாக எதிர்ப்பேச்சு பேசுகிறவன் அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினான்.

மதுரையில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரி. டாக்டர் பெயர் கற்பகவல்லி. அந்தம்மா நிதானமாகப் பேசுகிறவர். அவன் கண் மூலையை ஒரு விரலால் மெல்லத் தடவினார். கீழிமை ஓரத்தில் இருக்கிற ஊசிமுனைத் துவாரத்திலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது.

"எத்தனை நாளா ரத்தம் வருது?"

"ரத்தம்னு தெரியாது மேடம். மைன்னு நெனைச்சேன்."

டாக்டரம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார், கோபமா பரிதாபமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. "இனிமே இந்த இடத்துல விரல் படவே கூடாது" என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரம்.

அந்த ஒரு வாரத்தை அவன் எப்படிக் கழித்தான் என்று குருவம்மாளைக் கேட்க வேண்டும். அச்சாபீஸுக்கும் போனான், வந்தபிறகு வீட்டுக்கு வெள்ளையும் அடித்தான். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினான். கழுவிய தொட்டியை மறுநாள் திரும்பக் கழுவினான். காரியாபட்டியில் கட்டிக்கொடுத்த மகளுக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை போன் போட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் மழை உண்டுமா என்று கேட்டு வைத்தான். விரல் மட்டும் பழக்கதோஷத்தில் மூக்கோரம் போய்க்கொண்டே இருந்தது. குருவம்மாள் அந்தக் கையை அடித்து அடித்து, அவன் மணிக்கட்டு சிவந்துபோனது.

எட்டாம் நாள் டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். கண்ணில் ஊறுகிற தண்ணீர், இமை ஓரத்து ரெண்டு துவாரம் வழியாக மூக்கை ஒட்டி இருக்கிற ஒரு சின்னப் பையில் இறங்கி, அங்கிருந்து மூக்குக்குப் போகிறது. அந்தக் கண்ணீர்ப் பைக்குள் கட்டி. வந்திருப்பது புற்று.

"அடைப்புன்னுதானே சொன்னாக?" என்றான் ஊர்க்காவலன்.

"அடைப்புதான். அடைச்சிருக்கிறது கட்டி. சாதாரண வீக்கம் கண் மூலைக்குக் கீழேயே நிக்கும், உங்களுக்கு அதுக்கு மேல ஏறியிருக்கு. கல்லு மாதிரி இருக்கு. ரத்தமும் வருது. அபூர்வமா வர்ற சீக்கு. ஆரம்பத்துல பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான் தெரியும், அதனால யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்லை."

பையை முழுசாக எடுக்க வேண்டும், பக்கத்து எலும்பையும் கொஞ்சம் எடுக்க வேண்டும், அப்புறம் ஆறு வாரம் கதிர்வீச்சு, அதாவது கரண்டு வைத்தியம் என்றார். அதுவரைக்கும் ஊர்க்காவலன் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தான். அடுத்து ஒரு பேப்பரை எடுத்து வைத்தார். ஸ்கேனில் கண் பக்கத்துச் சுவர் தெளிவாக இல்லை, திறந்து பார்த்தால்தான் தெரியும், சீக்கு கண் குழிக்குள் இறங்கியிருந்தால் கண்ணையும் எடுத்தாக வேண்டும், அதற்கு முன்னாலேயே சம்மதக் கையெழுத்து வேண்டும்.

"இறங்கலைன்னா?"

"கண்ணு தப்பிச்சிடும். ஆனா பை இருக்காது பாருங்க, தண்ணி போக வழி கிடையாது. ஆயுசுக்கும் வடிஞ்சுக்கிட்டேதான் இருக்கும்."

"ஆடி பதினெட்டு முடியட்டும் மேடம்." ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். அதற்கு இன்னும் அஞ்சு வாரம் கிடந்தது.

"புத்து காலண்டர் பார்க்காதுங்க. இந்த வியாழக்கிழமை தேதி தர்றேன்."

பேனாவை நீட்டினார். ஊர்க்காவலன் பேனாவைப் பார்த்தான், பேப்பரைப் பார்த்தான், எழுந்தான். "டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன் டீக்கடையையும் தாண்டி விறுவிறு என்று நடந்தான். குருவம்மாள் பையும் ரிப்போர்ட்டுமாக மூச்சிரைக்க ஓடிவந்து பிடித்தபோது, அவன் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் ஒரு காலை வைத்திருந்தான். நடுரோட்டில் வைத்துப் புருசனை என்ன செய்ய முடியும்? அவளும் ஏறிக்கொண்டாள்.

சிவகாசி பஸ்ஸில் பெண்கள் பக்கம் அவள் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் அவன். திருமங்கலம் தாண்டுகிறவரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அப்புறம் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. வலது கண் போனால் போகிறது, இடது கண்ணால் லென்ஸைப் பார்த்துப் பழகினால் என்ன? பழகிப் பார்க்க லென்ஸ்கூட வேண்டியதில்லையே. வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் எதிரே இருப்பதைக் கூர்ந்து பார்க்கப் போனான். வலது கண் தனியாக மூடவில்லை. ரெண்டும் சேர்ந்து மூடியது. மறுபடி முயன்றான். வாய்தான் கோணியது. இத்தனை வருஷமும் இடது கண்ணை மட்டுமே இடுக்கிப் பழகிய முகம், வலது பக்கம் கேட்கமாட்டேன் என்றது. ஊர்க்காவலன் விடுவானா? பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றான். ஒரு தடவை, ரெண்டு தடவை, பத்துத் தடவை.

எதிரே இருந்தது ஒரு பூக்காரம்மா.

"ஏய்யா! வயசென்ன, நீ செய்ற வேலையென்ன? கூடப்பொறந்தவ இல்லையா உனக்கு? கண்ணடிக்கியாக்கும்? செருப்பு பிஞ்சிரும்!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். ஊர்க்காவலன் பேயறைந்தவன் போல முழிக்க, குருவம்மாள் எழுந்து வந்தாள். "ஏம்மா, தப்பா நெனைக்காதீக. அவுகளுக்குக் கண்ணு சரியில்லை. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாறோம்" என்று ரிப்போர்ட் பையைத் தூக்கிக் காட்டினாள். பூக்காரம்மாவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இதை முன்னயே சொல்லக்கூடாதாய்யா" என்று ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளிக் குருவம்மாள் கையில் திணித்தாள். குருவம்மாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள். அடக்க அடக்க உடம்பு குலுங்கியது. அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியாது.

விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. குருவம்மாள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"எங்கன போறே?" என்று ஊர்க்காவலனும் பின்னால் இறங்கினான்.

"மதுரைக்கு."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா? ஏறு, பஸ்ஸை எடுக்கப் போறாக."

"நீங்க போங்க. நான் வரலை." கடலைமிட்டாய்க் கடைக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்டுப் பெஞ்சில் அழுத்தமாக உட்கார்ந்தாள். அவன் பஸ்ஸுக்கும் பெஞ்சுக்கும் நடந்தான். மறுபடி நடந்தான். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் அவர்களை விட்டுவிட்டுக் கிளம்பிப் போய்விட்டது.

"ஒத்தைக் கண்ணனை எந்த மெஷின்ல நிப்பாட்டுவாக, சொல்லு பார்ப்போம்" என்று கத்தினான் ஊர்க்காவலன். "இருபத்துநாலு வருசமா அண்ணாச்சி என் கண்ணை நம்பித்தான் மெஷினை ஓட்டுறாரு. நாளைக்கு நான் போயி வாசல்ல நின்னா, பாவம், டீ வாங்கிட்டு வரட்டும்பாக. அதுக்குப் பேசாம இந்தக் கட்டியோடயே போய்ச் சேர்ந்துடலாம். இருக்கவரைக்கும் கண்ணோட இருந்துட்டுப் போறேன்."

"பேசி முடிச்சாச்சா?"

அவன் நடந்துகொண்டிருந்தான்.

"எந்தங்கச்சி மாரிசெல்வி செத்து அஞ்சு வருசம் ஆகுது" என்றாள் குருவம்மாள். குரலை உயர்த்தவில்லை. "கம்பெனி வெடிச்ச அன்னைக்கு ஓடினேன்ல? சேலைத் துணியை வெச்சுத்தான் அவளை அடையாளம் சொன்னேன். அங்கன நின்னுக்கிட்டு என்ன கேட்டேன் தெரியுமா? சாமி, அவ கையை எடுத்துக்கோ, காலை எடுத்துக்கோ, ரெண்டு கண்ணையும் எடுத்துக்கோ, அவளை மட்டும் குடுத்துரு, நான் வெச்சுக் கஞ்சி ஊத்திக்கிறேன்னு கேட்டேன். கேக்க ஆளில்லை. இன்னைக்கு ஒரு டாக்டரம்மா எதுத்தாப்புல உட்கார்ந்து, பேப்பரையும் பேனாவையும் குடுத்து, கண்ணைக் குடுத்தா ஆளைத் தர்றேன்னு சொல்லுது. உங்களுக்கு மெஷின் கேக்குதா? எனக்கு எதுக்குங்க உங்க கண்ணு? அதையா நான் கட்டிக்கிட்டு வந்தேன்?"

பக்கத்தில் நின்றவர்கள் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு உறைக்கவில்லை. ஊர்க்காவலன் பெஞ்சைச் சுற்றி ஒரு வட்டம் வந்தான். இன்னொரு வட்டம் வந்தான். வலது கண் தன்பாட்டுக்கு வடிந்தது. துடைக்கக் கையைத் தூக்கி, தொடக்கூடாது என்ற நினைப்பு வந்து, பாதியில் இறக்கினான்.

"மதுரை பஸ் எந்தப் பக்கம் நிக்குது?" என்று கடலைமிட்டாய்க் கடைக்காரரிடம் கேட்டான்.

திரும்பிப் போய் அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டான். வியாழக்கிழமை காலையில் ஆபரேஷன். முதல் நாளே அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சொன்னான். "போயிட்டு முழுசா வா, ஊர்க்காவலா" என்றார் அவர். மனசார சொன்னதுதான், இருந்தாலும் அந்த 'முழுசா' என்கிற வார்த்தை அவனை மயக்க ஊசி போடுகிறவரைக்கும் குடைந்துகொண்டே இருந்தது.

முழிப்பு வந்தபோது மதியம் சாய்ந்திருந்தது. தலை கல்லாகக் கனத்தது. நெற்றியிலிருந்து கன்னம் வரைக்கும் வலது பக்கம் முழுக்கப் பெரிய கட்டு. இடது கண்ணுக்குள் குருவம்மாள் முகம் கலங்கலாகத் தெரிந்தது.

"கண்ணு?" என்றான்.

"இருக்கு. எடுக்கலை. உள்ள இறங்கலைன்னு டாக்டரம்மா வந்து சொல்லிட்டுப் போனாக. நல்லா இருக்கு."

அந்த 'நல்லா இருக்கு'தான் அவனுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

பட்டாசு ஊர்களில் ஆஸ்பத்திரிப் பொய் என்று ஒன்று உண்டு. வெடித்து, பாதி வெந்து, வார்டில் கிடக்கிறவன் கண்ணைத் திறந்ததும் கூட வேலை பார்த்தவர்களைத்தான் கேட்பான். "நல்லா இருக்காக, பக்கத்து வார்டுல இருக்காக" என்று சொல்ல வேண்டும். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். மாரிசெல்வியும் அவள் புருசன் முத்துப்பாண்டியும் ஒரே கம்பெனி. அவன் ஒரு கை போய்ப் பிழைத்துக்கொண்டான். அவளைப் புதைத்து நாலாம் நாள் அவன் கண்ணைத் திறந்து, "சகல, மாரிசெல்வி எங்க?" என்று கேட்டான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்ற ஊர்க்காவலன் கொஞ்சமும் தடுமாறாமல், "நல்லா இருக்கா. பொம்பளையாளுக வார்டுல இருக்கா" என்று சொன்னான். முத்துப்பாண்டி நம்பிக் கண்ணை மூடிக்கொண்டான். ஒன்பது நாள் நம்பினான்.

அதே மாதிரிதான் இப்போது குருவம்மாள் சொல்கிறாள். அதே மெல்லிய குரல், அதே தலையசைப்பு. ஊர்க்காவலனுக்கு அது தெரியாதா?

"சத்தியமா?"

"சத்தியமா."

அவனும் அன்றைக்கு முத்துப்பாண்டியிடம் இப்படித்தான் சத்தியம் பண்ணினான்.

அப்புறம் அவன் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. கட்டுக்கு மேலே விரலை வைத்து அழுத்திப் பார்க்கப் போனான். நர்ஸ் வந்து அதட்டினாள். குளுக்கோஸ் ஸ்டாண்டை இழுத்துக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தான். பக்கத்துக் கட்டில் பெரியவரிடம், "ஐயா, என்னைக் கொண்டுவந்தப்ப ஏதும் பேசிக்கிட்டாகளா?" என்று கேட்டான். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சதுன்னுதான் சொன்னாங்க தம்பி" என்றார் அவர். இவரிடமும் இவள் பேசிவைத்துவிட்டாள் என்று நினைத்தான். கூட்ட வந்த அம்மாவைக் கேட்டான். அந்தம்மாவும், "நல்லா இருக்கும் சாமி, மனசை விட்டுறாதீக" என்றது. நல்லா இருக்கும், நல்லா இருக்கும்! ஊரே திரண்டு பொய் சொல்கிறது என்று முடிவுக்கே வந்துவிட்டான். டாக்டரம்மா மறுநாள் பத்து மணிக்குத்தான் வருவார்.

காலையில் குருவம்மாள் இட்லியைப் பிய்த்து ஊட்ட வந்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை.

"நெசத்தைச் சொல்லு, குருவம்மா. நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்ததுதானே? நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். போச்சுன்னா போச்சுன்னு சொல்லிரு."

"எத்தனை தடவைங்க சொல்றது? கண்ணு இருக்குங்க."

"முத்துப்பாண்டிகிட்ட நான் சொன்னேன்ல. எனக்குத் தெரியாதா எப்படிச் சொல்லுவாகன்னு."

அவள் பிய்த்த இட்லியைத் திரும்ப வட்டிலில் போட்டாள். அதையே அவன் பதிலாக எடுத்துக்கொண்டான். சரி, போய்விட்டது. லென்ஸ், மெஷின், ஷீட் ஓரத்துச் சுழி, எல்லாம் போய்விட்டது. அம்மா செத்தபோதுகூடக் கொள்ளிக்குடத்தைத் தூக்கிக்கொண்டு விறுவிறு என்று நடந்தவன், அழ நேரமில்லாதவன், இப்போது போவதற்கு ஓர் இடமும் இல்லாமல் கட்டிலில் கிடந்து வாய்விட்டு அழுதான். சின்னப்பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். வெட்கமாக இருந்தது. நிறுத்த முடியவில்லை.

சத்தம் கேட்டு நர்ஸ் வந்தாள்.

"அண்ணே, என்னண்ணே இது? அழுகாதீங்க. கட்டு நனையுது பாருங்க. காலையிலதானே மேல்பஞ்சு மாத்தினேன்."

"நனையட்டும், விடுங்கம்மா. எனக்கு எல்லாம் தெரியும்."

"என்ன தெரியும்?"

"கண்ணை எடுத்துட்டாக."

"யார் சொன்னது? கண்ணை எடுத்தா, கண்ணீர் ஊறுற சுரப்பியும் அதோட போயிடும். அந்தப் பக்கம் அழுகை வராதுண்ணே. உங்களுக்குக் கட்டு சொதசொதன்னு ஆகி, கன்னத்துல இறங்குது. இதுல எடுத்துட்டாகளாம்!"

ஊர்க்காவலன் அழுதபடியே அப்படியே கிடந்தான். கட்டுக்குக் கீழே, வலது கன்னத்தில், வெதுவெதுவென்று ஒன்று இறங்கிப் போவது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கையைக் கொண்டுபோய்த் தாடை ஓரத்தில் தொட்டுப் பார்த்தான். விரல் ஈரமானது.

"ஏ குருவம்மா, நனையுதாம்!"

"அதைத்தானே நேத்து மத்தியானத்துல இருந்து கரடியாக் கத்துறேன்!"

சொல்லிவிட்டு அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். இட்லி வட்டில் மடியில் இருக்க அவளும் அழ ஆரம்பித்தாள். அவன் நிறுத்துகிற வழியாக இல்லை. இன்னும் உரக்க அழுதான், வேண்டுமென்றே அழுதான். நர்ஸ் ரெண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, புதுப் பஞ்சு எடுத்துவரப் போனாள்.